கிணற்றை மறித்த சுவர்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் ஆரோக்கியசாமி அவர்களே! பேரணாம்பட்டிலிருந்து கட்டுச்சோற்றோடு வந்திருக்கும் பெரியோர்களே! தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் அன்னைமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆம்பூர் வக்கீலின் தலை தாழ்ந்த வணக்கம். தாழ்ந்த தலை என்றது அலங்காரத்துக்காக அல்ல. நிமிர முடியவில்லை.

"சத்தமா பேசுங்க" என்கிறீர்கள் பின்வரிசையில். வெட்கக்கேட்டைச் சொல்ல வந்தவனுக்குச் சத்தம் எங்கே வரும்? வரவழைக்கிறேன்.

எஞ்சின் ஓடும் இடத்தில் இருபது பேர் உழைத்தால் அது தொழிற்சாலை. அங்கே ஒருவன் உறுப்பிழந்தால் அவனுக்கு நஷ்டஈடு உண்டு. சர்க்கார் போட்ட சட்டம் இது. ஏழைக்கென்று எழுதப்பட்ட எழுத்து! அதைப் படித்தவுடன் நான் என்ன செய்தேன்? ஏழையைத் தேடிப் போனேனா? உங்கள் தோல் ஆலை முதலாளி வீட்டு நாற்காலியைத் தேடிப் போனேன். "முப்பத்தாறு பேரை என்ன செய்வது வக்கீல் சாப்?" என்று அவர் கேட்டார். "ஆலை நடுவில் ஒரு சுவர் வையுங்கள். இந்தப் பக்கம் பதினெட்டு, அந்தப் பக்கம் பதினெட்டு. இரண்டு பெயர், இரண்டு பலகை. சட்டம் வாசலோடு திரும்பிவிடும்" என்றேன்.

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். சுவர் எழுந்த அன்று எனக்கு ரோஜா மாலை போட்டார்கள். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவர் கன்னியப்பன். முன்வரிசையில், கண்ணில் துணி கட்டி அமர்ந்திருக்கிறாரே, அவர்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்தபோது கலங்கல் தெறித்து அவர் இரு கண்ணிலும் விழுந்தது. கிணறு எங்கே? பத்தடியில் இருந்த கிணறு இப்போது சுவருக்கு அந்தப் பக்கம்! "தண்ணி! தண்ணி!" என்று அவர் துடிக்க, "தோ வர்றேண்ணே, கண்ண கசக்காதே!" என்று கத்திக்கொண்டு கூட வேலை செய்த ஆபித் பாஷா ஓடினார். வாசல் தாண்டி, தெரு சுற்றி, அடுத்த வாசல் நுழைந்து, குடத்தோடு அதே வழியில் திரும்பினார். தண்ணீர் வந்தது. பார்வை போய்விட்டது.

கன்னியப்பன் மனைவி செண்பகம் யாரிடம் வந்தார்? என்னிடம்! "சாமி, எங்களுக்குச் சட்டம் இல்லேன்றாங்க. இன்னாத்துக்கு இல்லேன்னு படிச்சவங்க நீங்க சொல்லுங்க" என்றார். நான் என்ன சொன்னேன்? "நாளைக்கு வாம்மா" என்றேன். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். மூன்று முறை அந்தத் தாயை வெயிலில் நடக்கவிட்ட கோழை நான்.

அம்மா செண்பகம், இதோ உங்கள் கேள்விக்குப் பதில். சட்டம் இருந்தது. அதைச் சுவர் வைத்து அடைத்தவன் நான்.

திங்கட்கிழமை நஷ்டஈட்டுக் கமிஷனர் முன் கன்னியப்பன் வழக்கு விசாரணை. முதலாளிக்காக நான் பேச வேண்டிய வழக்கு அது. வக்காலத்தை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாட்சிக் கூண்டில் ஏறி, "ஆலை ஒன்றே, ஆட்கள் முப்பத்தாறே, சுவர் என் சூழ்ச்சியே" என்று சொல்லப்போகிறேன். என் வக்கீல் சன்னதுக்கு என்ன ஆகுமோ, ஆகட்டும்.

கன்னியப்பரே, என் முகத்தை நீங்கள் பார்க்க முடியாது. இந்தக் குரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை இது அங்கே கேட்காவிட்டால், ஊர் அறிய என் பெயரைச் சொல்லிக் காறி உமிழுங்கள்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. கைதட்ட வேண்டாம், கலைந்து செல்லுங்கள். வணக்கம், சலாம்.