பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த காந்தம்

நான் இறந்துபோன லாரி டிரைவரின் மனைவி. வயது ஐம்பத்திரண்டு. மூன்றாவது வரை படிப்பு, தையல் வேலை. சலவைக் கடை மாடியில் குடியிருக்கிறேன். வாயாடி வீடு என்று கேட்டால்தான் தெருவில் காட்டுவார்கள். போலீசார் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

என் கணவருக்கு இதயம் தாறுமாறாக அடித்தால் உள்ளேயே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவியை இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்திருந்தார்கள். பிறகு நுரையீரலில் புற்று கண்டு, திங்கட்கிழமை முதல் தடவையாகக் கதிர் பாய்ச்சும் மெஷினில் படுக்கவைத்துக் கரண்டு வைத்தார்கள். முடிந்ததும் மெஷின் ஓட்டும் தம்பி அவரை வெளியே அனுப்பி, "கோடு அழியாம பாத்துக்கோங்கம்மா, அழிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதன்பிறகு வீட்டில் சட்டையைக் கழற்றியபோது நெஞ்சில் மைக்கோடுகளும், கருவிக்கு மேலே பிளாஸ்திரி போட்டு ஒட்டிய கனத்த வளையமும் இருந்தன. "என்னங்க, ஒரு நாளைக்கே மெடல் குத்தி அனுப்பிட்டாங்களா?" என்றேன். "உன் வாய்க்குப் பக்கத்துல இத்தனை வருஷம் தாக்குப் பிடிச்சதுக்குடி" என்றார். அதுவும் வைத்தியத்தில் சேர்த்தி என்று நினைத்து, அதில் தண்ணீர் படாமல் உடம்பைத் துடைத்துவிட்டேன். ஓரம் கிளம்பியிருந்ததால் துணிக்கட்டு ஒட்டும் பழுப்பு டேப்பை எடுத்து மேலே அழுத்தி ஒட்டினேன்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயடியில் சரிந்தார். அதன்பிறகு சலவைக் கடைக்காரர் ஆட்டோ பிடித்துவர, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே நர்ஸ் சட்டையைக் கத்தரித்து, "ஐயோ, காந்தத்தை எடுக்கவே இல்லையாம்மா?" என்று அதைப் பிய்த்தெடுத்தார். கொஞ்ச நேரத்தில் என் கணவர் உடம்பு தூக்கிப்போட்டது, அதன்பிறகு இன்னொரு தடவை. எழுந்துவிட்டார் என்று நினைத்து அவர் செருப்பைத் தேடினேன். எழவில்லை.

கரண்டு வைக்கும்போது கருவி குழம்பி வீணாக ஷாக் கொடுக்காமல் இருக்கக் காந்தம் வைப்பார்களாம். முடிந்தவுடன் எடுத்துவிட வேண்டுமாம், அது இருக்கும்வரை கருவி வாய் திறக்காதாம். இதை அந்த நர்ஸ் அப்புறம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

காந்தத்தை ஒட்டியதே வீட்டார்தான் என்று மெஷின் தம்பி சொல்வதாகத் தெரிகிறது. "டேப்பு நம்மளதுன்னு சொல்லாதம்மா, பழி நம்ம மேல வந்துரும்" என்று என் மகன் ஸ்டேஷன் வாசலில் வைத்துச் சொன்னான். எனக்கு யோசித்துப் பேசத் தெம்பில்லை ஐயா. அடியில் இருந்த வெள்ளைப் பிளாஸ்திரி ஆஸ்பத்திரியுடையது. மேலே இருந்த பழுப்பு டேப்பு என்னுடையது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(கையெழுத்து)