சுவரோரம் உட்கார்ந்தவன்

குளிக்கும் முன்னால் உடம்பில் தேய்க்க நல்லெண்ணெய்தான் சரி, இன்ஸ்பெக்டர் ஐயா. அதைச் சுட வைக்கக் கூடாது. உள்ளங்கைச் சூடே போதும். ஐந்தருவியில் பதினோரு வருஷம் கிடந்தவன் நான், இதை உறுதியாகச் சொல்லலாம்.

பெயர் இசக்கியப்பன். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அருவிக்கு மேலே பாறையில் நின்று தண்ணீரைப் பார்ப்பது என் வேலை. மலைக்குள் பெருமழை பெய்தால் முதலில் சருகு மிதந்து வரும், பிறகு தண்ணீர் சிவக்கும். சிவந்ததும் விசில் ஊத வேண்டும். ஊதினால், கீழே குளிக்கிறவர்கள் கரையேற ஐந்து நிமிஷமாவது கிடைக்கும். சீசன் மூன்று மாதமும் கூட்டம் நெரியும். அது முடிந்ததும் கடைக்காரர்கள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் இருப்பேன். பேச்சு மறந்துவிடக் கூடாதே என்று குரங்குகளைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

தாணுமாலயன் கடையத்துக்காரன். அங்கே ஜவுளிக்கடையில் வேலை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் தனியாக வந்தான். "அண்ணாச்சி, முதுகுக்குக் கை எட்டல. கொஞ்சம் தேய்ச்சு விடுதீயளா?" என்று கேட்டான். தேய்த்துவிட்டேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தான். நாலு நாள், ஐந்து நாள் என் கொட்டகையிலேயே தங்குவான். அண்ணாச்சி போய் நான் இசக்கி ஆனேன். எனக்கு அவன்மேல் ஆசை, ஐயா. புருஷன் பெண்டாட்டிக்குள் இருக்கிற ஆசை. அவனுக்கும் அப்படித்தான். இதை உங்கள் பாஷையில் எப்படி எழுதிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

ஐம்பத்தேழு ஆடியில் வந்தவன், தையில் தனக்குக் கல்யாணம் என்றான். "இனிமே வர முடியாதுல்லா" என்றான். சரி என்றேன். மறுநாள் விடிகிற நேரம், கூட்டம் வருமுன்னே வெள்ளம் வந்தது. கீழே அவன் ஒருவன்தான் குளித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பாறை இடுக்கில் கிடைத்தான். நானே குழி வெட்டிப் புதைத்தேன். வீட்டார் தேடி வந்தபோது, இந்த வருஷம் அவன் வரவே இல்லையே என்றேன். கல்யாணம் பிடிக்காமல் கொழும்புக்கு ஓடிவிட்டான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

செத்தவர்கள் இருட்டினால்தான் வருவார்கள் என்பார்கள். தாணு என் கொட்டகைக்கு வந்தது மறு பங்குனியில், உச்சி வெயிலில். அருவி வற்றிக் கிடந்தது. அவன் வேட்டியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, என்னையே பார்த்தபடி உட்கார்ந்தான். எனக்கு அவனிடம் பயம், அவனுக்கு என்னிடம் பயம். தினமும் வந்தான். ஒரு மாதம் இப்படியே போயிற்று. பிறகு நான் அரிவாளை ஆணியில் மாட்டினேன். அவன் சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் வந்தான்.

அடுத்த கோடையில்தான் அதைக் கேட்டான்.

"ஏ இசக்கி, அன்னைக்கு நீ விசில் ஊதுனியா?"

"ஊதுனேன்லே. தண்ணிச் சத்தத்துல ஒனக்குக் கேக்கல."

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான். "அப்ப சரி" என்றான். திரும்பி, முதுகை என் பக்கம் காட்டி உட்கார்ந்தான். நான் எண்ணெய் தேய்த்தேன். அந்தத் தோலில் எண்ணெய் ஊறவில்லை, வழிந்து தரைக்குத்தான் போயிற்று. ஆனாலும் தேய்த்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. என்னை அவ்வளவு நம்பின ஆள் அதுவரை யாரும் இல்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்பான். "எங்க வீட்டுக்கு ஒரு கார்டு போட்டுரு. அம்மா வழியப் பாத்துக்கிட்டே இருப்பா." போட்டுவிட்டேன் என்பேன். போடவில்லை. தெரிந்தால் கருமாதி செய்வார்கள். கருமாதி முடிந்தால் அவன் போய்விடுவான். ஏற்கெனவே ஒரு தடவை அவன் போவதாகச் சொல்லி நான் கேட்டாயிற்று.

போன வாரம் அவன் அண்ணன் வல்லிநாயகம், கருமாதி செய்ய ஒரு ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தம்பி கனவுல வாரான். நனைஞ்சுபோயி நிக்கான். குளிருதுங்கான். கொழும்புல இருக்கவன் அப்பிடியா வருவான்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷர். தாணு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே போய் நின்றிருக்கிறான், அது மட்டும் எனக்கு வருத்தம்.

சீசன் முடிகிற சமயம், வேறு ஆள் இல்லை. ஐயர் கரையில் பிண்டம் பிடித்து வைத்துவிட்டு, "முங்கிட்டு வாங்கோ" என்றார். அண்ணன் அருவிக்குள் இறங்கினார். நான் பாறைமேல் ஏறினேன். சருகு வந்தது. தண்ணீர் சிவந்தது.

ஐயர் உங்களிடம் சொன்னது சரிதான். விசில் என் வாயில்தான் இருந்தது. நான் ஊதவில்லை. ஐம்பத்தேழிலும் அப்படித்தான், வாயில் இருந்தது, ஊதவில்லை. இரண்டு பேரையும் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தாணுவைப் புதைத்த இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொன்னால் எனக்கு யாரும் இல்லாமல் போய்விடும்.

அவன் இந்த ஸ்டேஷனுக்கும் வந்துவிட்டான். தரையெல்லாம் ஈரம், பானை ஒழுகுது என்று காலையில் ஏட்டையா சத்தம் போட்டாரே, பானை ஒழுகவில்லை. அதோ, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அண்ணன், அவரும் அப்படியே. நான் கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். கோபமெல்லாம் இல்லை ஐயா, அண்ணன் பக்கத்தில் இருக்கிற கூச்சம்தான். நீங்கள் இதையெல்லாம் எழுதி முடித்து எழுந்து போனால் திரும்பி உட்கார்ந்துவிடுவான். கொஞ்சம் நல்லெண்ணெய் மட்டும் கிடைக்குமா?