தட்டில் காய்ந்த சக்கை

இன்ஸ்டன்ட் காபியில் எனக்குப் பிடித்த விஷயம், குடித்து முடித்தால் டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு கரண்டி தூள், மேலே வெந்நீர், இரண்டு சுற்று. அவ்வளவுதான். சோப்பு ஆலையில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியபோது குடித்தது அதைத்தான். வீட்டிலும் அதேதான்.

எங்கள் ஆலையில் காபி இரண்டு வகை, ஐயா. கீழே எங்களுக்கு ஒரு பெரிய டப்பாவும் வெந்நீர் டிரம்மும். மேலே கண்ணாடி அறையில், சட்டை கசங்காதவர்களுக்கு எஸ்பிரெஸோ மெஷின். அது கொட்டையை அப்போதைக்கு அப்போது அரைத்து, ஆவியில் அழுத்திப் பிழியும். இரண்டு மடக்குக்குமேல் தராது. பிழிந்த சக்கையை ஷூ பாலிஷ் டப்பா மூடி அளவில் வட்ட வில்லையாகத் துப்பும். அந்த மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். அதைச் சரிபார்ப்பது எங்கள் மெக்கானிக் தம்பி. அந்தச் சலுகையில் அவனுக்கு தினம் ஒரு கப். கீழே எடுத்து வந்து எனக்குப் பாதி கொடுப்பான்.

"அண்ணே, உங்க காபி, வெந்நீருக்குக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கு. இதுல ஒரு வாய் குடிங்க."

"மருந்து மாதிரி இருக்குடா."

"அப்ப மூணு வேளையும் குடிங்க."

நல்ல பையன். எங்கள் வீட்டுக்குப் பின் தெருவில்தான் குடியிருந்தான். என் மனைவியை அண்ணி என்பான். அதை நான் ஒரு நாளும் தப்பாக எடுத்ததில்லை.

ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் வாசனை வந்தது. டப்பாக் காபியின் வாசனை இல்லை. சமையலறை ஜன்னலில் ஒரு தட்டு; அதில் நான்கு வட்ட வில்லைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"யாரு வந்தா?" என்று கேட்டேன்.

"யாரு வரப்போறா? காக்கா வந்துச்சு. காபி போட்டுக் குடுத்தேன், குடிச்சிட்டுப் போயிருச்சு," என்று சிரித்தாள்.

"இது ஏது?"

"பக்கத்து வீட்டம்மா குடுத்தாங்க. செடிக்குப் போட."

எங்கள் வீட்டில் செடி இல்லை. ஒரு தொட்டி இருந்தது. அதில் துணிக் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தாள்.

நான் சத்தம் போடவில்லை. அவசரக்காரன் இல்லை நான். ஆலையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். மூன்று வாரம் பார்த்தேன். மெக்கானிக்குக்கு வேலை முடிவது எனக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஒரு மத்தியானம் அவன் கை கழுவப் போனபோது அவனுடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடித்தட்டில் ஈரச் சக்கை. அன்று சாயங்காலம் வீட்டுத் தட்டில் புது வில்லைகள். அதற்குமேல் என்ன வேண்டும்?

இருந்தாலும் பொறுத்தேன். மறுநாள் அவனே வாய்விட்டான். டிரம்மருகே நின்று என் தோள்பக்கம் மூக்கை நீட்டி, "என்ன அண்ணே, இப்பல்லாம் கமகமன்னு வர்றீங்க? அண்ணி கைவண்ணமா?" என்றான். என் வீட்டு வாசனை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதை என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிக்கவும் துணிச்சல் இருக்கிறது.

இங்கே எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். சோப்புக் கலவைத் தொட்டிக்குள் தகடுகள் சுற்றும். அவற்றில் ஒட்டியதைச் சுரண்ட ஆள் உள்ளே இறங்கினால், சுவிட்சில் ஒரு அட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்குவான். 'உள்ளே ஆள். தொடாதே.' படிக்கத் தெரியாதவர்கள் மூன்று பேர் இருந்தோம். எங்களில் யாராவது சுவிட்சுப் பக்கம் நின்றால், இறங்குகிறவன் வந்து தோளில் இரண்டு தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும். நீங்கள்கூட என் பெருவிரலுக்கு மைப்பெட்டியை எடுத்து வைத்தீர்கள். தேவையில்லை, ஐயா, கையெழுத்தே போடுகிறேன். எட்டு மாதமாக, இடைவேளைகளில், காபி டப்பாவின் லேபிளை வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். ஐம்பத்தொரு வயதில் அ, ஆ என்றால் சிரிப்பார்கள், வெளியே சொல்லாதே என்று நான் கேட்டுக்கொண்டதால், அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் அட்டையை மாட்டினான். பிறகு இரண்டு கையிலும் சாமானை எடுத்துக்கொண்டான். என் தோளைத் தட்டவில்லை. அட்டையைத் தாடையால் காட்டி, கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கினான். நான் அட்டையைப் படித்தேன். எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படித்தேன், கொஞ்ச நேரம் பிடித்தது. ஒன்றும் தப்பவில்லை. பிறகு சுவிட்சைப் போட்டேன். தகடுகள் சுற்ற அன்று வழக்கத்தைவிடச் சிரமப்பட்டன.

எல்லாரும் அவனைத்தான் குறை சொன்னார்கள். "படிக்கத் தெரியாத மனுஷன்னு தெரிஞ்சும் தட்டாம எறங்கிட்டானே," என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்தார். என்னைக் கண்ணாடி அறைக்கு அழைத்துப்போய், முதல் தடவையாக எனக்கென்று ஒரு முழு எஸ்பிரெஸோ கொடுத்தார். என் கை நடுங்கவில்லை. அதிர்ச்சியில் மரத்துப்போயிருக்கிறது என்றார்.

என் மனைவி நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் அலமாரியைத் திறந்து, என் சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்துக் காட்டினாள். உள்ளே காய்ந்த சக்கை. "உங்க சட்டையில அந்த ஆலைக் கொழுப்பு நாத்தம் எத்தனை துவைச்சாலும் போகல. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? மனசு கஷ்டப்படுவீங்க. காபிச் சக்கை நாத்தத்த இழுத்துக்கும்னு தம்பிதான் சொல்லுச்சு. வாசல்லயே குடுத்துட்டுப் போயிரும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நாந்தான் சத்தியம் வாங்கினேன்."

பையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். அழகாகத்தான் தைத்திருந்தாள். ஒரு பையைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும், ஐயா? நான்கு நாள் இருந்தது அவளுக்கு.

ஆனாலும் அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று வேலை முடிந்து வந்தால், ஜன்னல் தட்டில் மறுபடியும் மூன்று வில்லைகள். ஈரம்கூடக் காயவில்லை. கேட்டால், ஆபீஸ் கூட்டுகிற அக்கா கொடுத்தாள் என்கிறாள். செத்தவன் சக்கை கொண்டுவர முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். என் பக்கத்தில் ஒன்றையும் ஒளிக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இனி அவளைக் கூப்பிட்டு, இப்போது வருகிறவன் யார் என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.