பேர் ஒட்டாத பாத்திரம்

பார்த்து தம்பி, கடைசிப் படி ஆடும். ஹீட்டர் அந்த மூலையில இருக்கு. காலையிலேர்ந்து ஒரு சொட்டு வெந்நி வரல. அவசரம் ஒண்ணும் இல்ல, நிதானமா பாருங்க. அட, குந்தாதீங்க! அந்த முழங்காலை வச்சுக்கிட்டு எதுக்குக் குந்தறீங்க? இந்தாங்க, ஸ்டூல்.

தெரியாம என்ன? சட்டையிலதான் குவார்ல்ஸ்னு தச்சிருக்கே. டேரியஸ் குவார்ல்ஸ், முப்பத்தொண்ணாம் நம்பர், ஹாலோவே காலேஜ் ஃபுட்பால் டீம். பன்னெண்டு வருஷம் ஆனா என்ன, இந்த ஊர்ல உங்க ஓட்டத்தை மறந்தவன் எவன்? ஆமா, அந்தச் சாப்பாட்டுக் கேஸையும் யாரும் மறக்கலதான்.

நானா? ஜெரால்டின் ப்ரூவிட். காலேஜ் விதிமுறை ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினவ. ஐயய்யோ, பையைத் தூக்காதீங்க, உக்காருங்க! உங்களை விசாரிச்சது காலேஜ் விளையாட்டுச் சங்கத்திலேர்ந்து வந்த கோட்டுக்காரங்க. நான் உள் ரூம்ல பேப்பர் அடுக்கிட்டு இருந்தேன், என் முகம் உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது.

என்ன வேலைன்னு கேக்கறீங்களா? ஆட்டக்காரப் பசங்க எவன் கையிலயாவது எதையாவது வாங்கித் தின்னுட்டானான்னு கண்கொத்திப் பாம்பா பார்த்துக்கிட்டு இருக்கறது. படிக்கிற பிள்ளைங்க, காசு வாசனையே படக்கூடாதுன்னு சட்டம். பேகல் ரொட்டி குடுக்கலாம், அது நொறுக்குத்தீனி. அதுமேல க்ரீம் சீஸைத் தடவினா சாப்பாடு ஆயிடும், சாப்பாடுன்னா குத்தம். பேகல் தட்டு உள்ள போச்சுன்னா பின்னாலயே நானும் போவேன், சீஸ் தடவற கத்தி ஒளிச்சு வச்சிருக்கானுங்களான்னு பார்க்க. சிரிங்க, சிரிங்க. வெளிய அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கான், டிவிக்காரன் பணத்தை மூட்டைமூட்டையா இறக்கறான், கோச் ஏரிக்கரையில ரெண்டாவது வீடு கட்டறாரு. நான் கத்தியைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

இப்ப சட்டம் மாறி, பசங்க காசு வாங்கலாம்னு ஆனப்புறம் என்ன நடக்குது பாருங்க. பெரிய ரோட்டுல மெத்தைக்கடை போர்டுல ஒரு மூஞ்சி பல்லைக் காட்டுதே, அவன்தான் நம்ம டீம்ல பந்து எறியற குவார்ட்டர்பேக். ப்ரெஸ்டன். பத்தொம்பது வயசு, இது மூணாவது காலேஜ். எந்தப் பாடம் படிக்கிறான்னு அவங்கம்மாவுக்கே தெரியல, வக்கீலைக் கேளுங்கங்கறா. மெத்தைக்கு ஒரு ஒப்பந்தம், கோழிக்கடைக்கு ஒண்ணு, அதுக்குமேல காலேஜே நேரா குடுக்குது. குடுக்கட்டும், நான் வேண்டாங்கல, உழைக்கிறவனுக்குத்தானே? ஆனா போன வாரம் அந்தம்மா என்கிட்ட வந்து ஓன்னு அழறா. ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான்தான் ஊருக்கு வரி ஃபார்ம் நிரப்பிக் குடுக்கறேன். பையன் வந்த பணத்துக்கெல்லாம் மஞ்சள் கலர்ல ஒரு காரை வாங்கிட்டான். வருமான வரின்னு ஒண்ணு இருக்கறதே துரைக்குத் தெரியாது. மெத்தைக்கடைக்காரன் பாதியைப் பணமாக் குடுத்துட்டு மீதிக்கு நாப்பது மெத்தை இறக்கிட்டான். மெத்தைக்கும் வரி உண்டுன்னேன். அந்தம்மா அந்த மெத்தை மேலயே உக்காந்து அழறா, வீட்டுல வேற உக்கார இடமில்ல.

என் பழைய ஆபீஸா? அதுக்குப் பேரு இப்ப வீரர் வருமான உதவி மையம். அதே ரூம், அதே மேஜை. அப்ப ரெண்டு பேரு, இப்ப பதினோரு பேரு, அதுல நாலு வக்கீல். இவ்வளவுக்கும் பணம் எங்கேர்ந்து வருது? நீச்சல் டீமைக் கலைச்சாச்சு, டென்னிஸைக் கலைச்சாச்சு, படிக்கிற பிள்ளைங்க தலையில கட்டணத்தை ஏத்தியாச்சு. பொம்பளைப் பிள்ளைங்க எங்க பங்கு எங்கடான்னு கேஸ் போட்டிருக்காங்க. நல்லா போடட்டும்! கோச் சம்பளத்துல மட்டும் எவனும் கை வைக்கமாட்டான்.

ஒரு கூத்தைக் கேளுங்க. இவ்வளவு குடுக்கறாங்களே, வேலையாள்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டாங்க. சொன்னா மாட்டிக்குவாங்களே! முழங்கால் போச்சுன்னா வைத்தியம் பார்க்கணும், யூனியன் வந்துடும். அதனால அது சம்பளம் இல்லையாம், பேருக்கும் முகத்துக்கும் வாடகையாம். உங்க முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணாங்களே, யார் கட்டினா? நீங்களேவா? அதைத்தான் சொல்றேன்.

பழைய ஆட்டக்காரங்களுக்கா? ஆமா, கோர்ட்டு பின்தேதி போட்டுக் குடுக்கச் சொல்லிருக்கு. உங்களுக்கு வராது தம்பி. நான் மூணு தடவை படிச்சுப் பார்த்துட்டேன். அவங்க போட்ட தேதிக்கு மூணு வருஷம் முந்தியே நீங்க ஆடித் தொலைச்சுட்டீங்க.

என்னது, பணம் போனாப் போகுதா? வேற என்ன தெரியணும்? யாரு மாட்டி விட்டதுன்னா?

உங்க ரூம்மேட் கோல்பின்னு யார் சொன்னா? ரூம்ல ரெண்டு பேர்தான் இருந்தீங்க, ரெண்டு பேர்தான் தின்னீங்க, சரி. அதுக்காக அவன்தான்னு ஆயிடுமா? அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனா கூப்பிட்டும் நீங்க போகலையா! பன்னெண்டு வருஷமா ஒரு போன்கூட இல்லையா! அடப்பாவமே.

கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

அந்த வருஷம் அக்டோபர் மாசம் உங்கம்மா போயிட்டாங்க. புதைச்ச மறுநாளே கோச் ப்ராக்டிஸுக்கு வரச் சொல்லி, நீங்களும் வந்துட்டீங்க. நம்ம ஊர்ல துக்க வீட்டுக்கு வெறுங்கையோட எவ போவா? கறி, காய் எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல போட்டு ஆளுக்கொரு கேசரோலை வேகவச்சு எடுத்துட்டுப் போவோம். பாத்திரம் திரும்பி வரணுமேன்னு அடியில டேப் ஒட்டி பேர் எழுதி வைப்போம். உங்க ரூம் வாசல்ல இருந்த பாத்திரத்துல டேப் இல்ல. வெளியாள் இலவசச் சாப்பாடுன்னு ரிப்போர்ட் போச்சு. குடுத்தது யாரு, பணக்கார ரசிகனா, பாத்திரத்துக்கு அடியில கவர் இருந்துச்சான்னு சங்கம் குடைஞ்சு எடுத்துச்சு. தெரியறவரைக்கும் ஆடக்கூடாது. மூணு மேட்ச். கடைசி மேட்ச்சுக்குப் பெரிய டீம்காரங்க ஆள் எடுக்க வந்து உக்காந்திருந்தாங்க, நீங்க டீம் சட்டை இல்லாம பெஞ்சுல வெள்ளைச் சட்டையோட உக்காந்திருந்தீங்க. தீர்ப்பு திங்கக்கிழமை வந்துச்சு. சாப்பாட்டோட மதிப்பு ஒம்பது டாலர் அறுபது சென்ட், அதை ஏதாவது தருமத்துக்குக் கட்டிட்டு ஆடலாம். ஆடறதுக்கு மேட்ச் எங்க இருந்துச்சு? அடுத்த வருஷம் படிப்புப் பணத்தையும் நிறுத்திட்டாங்க.

கோழி நல்லாத்தான் வெந்திருந்துச்சு, இல்ல? மேல நொறுக்கிப் போட்ட பிஸ்கட்தான் ஒரு ஓரமா கருகிடுச்சு. அஞ்சு நிமிஷம் முந்தியே எடுத்திருக்கணும். போன் வந்துடுச்சு.

ஆமா தம்பி.

இல்ல, நான் சொல்லி முடிச்சுடறேன், அப்புறம் நீங்க என்ன வேணா சொல்லுங்க. டேப்பை நான்தான் உரிச்சேன். ஆபீஸ்காரி குடுத்தான்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. சீஸுக்குக் கேஸ் எழுதினவ, தன் கோழிக்கு எழுதாம விட்டா எப்படின்னு உறுத்துச்சு. நேர்மைன்னு நினைச்சேன், முட்டாள்! காலையில போய் எழுதிட்டேன். ஃபார்ம்ல குடுத்தவர் பேருன்னு ஒரு கட்டம். அதுல என் பேரை எழுதியிருந்தா ஒரே நாள்ல உங்க கேஸ் முடிஞ்சிருக்கும், என் வேலைதான் போயிருக்கும். என் வீட்டுக்காரர் ஹார்லனுக்கு அப்ப வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், காப்பீடு என் வேலையிலதான். அவரும் அடுத்த வருஷமே போயிட்டாரு. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுட்டேன்.

கோல்பிக்கு நேத்து போன் பண்ணி இதையெல்லாம் சொல்லிட்டேன். முதல்ல கண்டபடி திட்டினான், அப்புறம் உங்க நம்பர் கேட்டான். உங்களைக் கேக்காம குடுக்கலை. அவன் நம்பரை ஒரு சீட்டுல எழுதி அந்த ஜன்னல்ல வச்சிருக்கேன்.

ஹீட்டரைக் கழட்டாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. சுவிட்ச்சை நான்தான் காலையில அணைச்சேன். நீங்க வந்ததுக்குப் பில்லு போடுங்க. அதுலயும் பேருக்கு ஒரு கட்டம் இருக்குமே, ஜெரால்டின் ப்ரூவிட்னு முழுசா எழுதுங்க தம்பி.