ஏழுமலைய ரிவர்ஸ்ல போட்ட கதை

மத்தியானம் பன்னெண்டரை.

ஏன்டி ஸபியா சிரிக்கிற? பேய்க்கதைன்னா நடுராத்திரிதான் இருக்கணுமா? நடுராத்திரின்னா மனுசன் உசாரா இருப்பான். மத்தியானத்துல யாரு பயப்படுவா… அந்த போன் வெளிச்சத்த மொதல்ல அணை. கரண்ட் வாறப்ப வரட்டும். எல்லாரும் கிட்ட வாங்க.

ரெண்டாயிரத்தி எட்டு, பங்குனி மாசம். போயா நாள், பௌர்ணமி லீவு. மத்தியானம் பன்னெண்டரை. றக்வானயில இருந்து தோட்டத்துக்கு ஏறுற ரோடு. பஸ் பாதியிலயே நின்னுரும், அப்பறம் நடைதான். ரெண்டு பக்கமும் தேயிலை. லீவுங்கிறதால மலையில கொழுந்து எடுக்க ஒரு ஆள் இல்ல. மூட்டம் வேற எறங்கி நிக்குது. அந்த ரோட்டுல ஒருத்தி தனியா ஏறி வாறா. பேரு லோஜினி. போன வருஷம் நம்ம ரூம்ல இருந்தாளே பிரேமலதா, அவளோட பெரியம்மா மக. ஏஎல் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருந்தா.

சண்ட போட்டுட்டு வாறா. அப்ப பின்னால ஒரு சத்தம்…

இருங்க. சத்தத்துக்கு அப்பறம் வாறேன். அவ அப்பன பத்தி மொதல்ல சொல்லணும்.

அவன் பேரு ஏழுமலை. செத்தவன திட்டக்கூடாதும்பாங்க. நான் திட்டுவேன். மனுசனா அவன்? கசிப்பு, அந்தக் கள்ளச்சாராயம், உள்ள போனா கை சும்மா இருக்காது. போயான்னா டவுன்ல பார் எல்லாம் பூட்டு, கசிப்புக்கு ஏது பூட்டு? காலையிலயே ஊத்திக்கிட்டு மத்தியானச் சோத்துக்குன்னு வருவான். வந்து சோத்துத் தட்ட எத்திவிட்டு ஜீவராணிய அடிப்பான். ஜீவராணிதான் லோஜினியோட அம்மா. கட்டில் அவனுக்கு, குசினித் தரை அந்த அம்மாவுக்கு. லயத்துல வரிசையா ஒட்டி ஒட்டித்தானே வீடு, பக்கத்து காம்பராக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க… ரேடியோ சத்தத்த கூட்டி வச்சாங்க.

ஐப்பசி மழையில குடிச்சுட்டு வந்தவன் ரோட்டோரத்து கானுக்குள்ள விழுந்தான். காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுக்குப் போனவங்கதான் பொணத்த பாத்தாங்க. லோஜினி ஒரு சொட்டு அழல. அம்மா அழுதுச்சு. ஆனா கருமாதி முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி கட்டில்ல ஏறிப் படுத்து, விடிஞ்சதுகூடத் தெரியாம தூங்குச்சாம். லோஜினி பக்கத்துல உக்காந்து அந்தத் தூக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. இந்தத் தூக்கத்த இனிமே யாரும் கெடுக்கக் கூடாது… அவளுக்கு அது ஒண்ணுதான் வேணும். படிப்பு, வேலை எல்லாம் அதுக்கு அப்பறந்தான்.

அப்பதான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு போட்டி வந்துச்சு. மது ஒழிப்பு. பிள்ளைகளே பாட்டு எழுதிப் பாடி, அதுக்கு வீடியோவும் எடுத்து, சீடியில போட்டு அனுப்பணும். ஜெயிச்சா பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கம்ப்யூட்டர். பாடுறது லோஜினி. வீடியோ ஜனார்த்தனன், அவ கிளாஸ்காரன். குவைத்துல இருந்து அக்கா அனுப்புன டிஜிட்டல் கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு பெரிய டைரக்டர் நடப்பு நடப்பான். தோட்டத்துல கல்யாணம், சடங்கு, சாவு, எதையும் விடமாட்டான். ஏழுமலையோட சாவையும் வாசல்ல இருந்து மயானம் வரைக்கும் எடுத்து வச்சிருந்தான்.

"லோஜி, ஒங்கப்பா சாவ பாட்டுல சேத்துக்கவா? பாக்குறவங்க அழுதுருவாங்க."

"சேத்துக்க. அந்தாளால எங்களுக்கு நடந்த ஒரே நல்லது அதுவா இருக்கட்டும்."

இப்பிடித்தான் சொன்னா. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

போயா அன்னைக்கு காலையில சார் வந்து கம்ப்யூட்டர் ரூம தொறந்து குடுத்துட்டு வெளிய பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஜனார்த்தனன் எல்லாத்தையும் ஒட்டி, வெட்டி, முடிச்சு வச்சிருந்தான். ஓட்டிக் காட்டுனான். மொத ரெண்டு சரணம் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசிச் சரணத்துல… மயானம். மண்ணு குழிக்குள்ள இருந்து பறந்து மம்பட்டிக்கு ஏறுது. பெட்டி மேல வருது. ஆம்பளைங்க பெட்டிய தோள்ல வச்சுக்கிட்டு பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வாறாங்க. ரோட்டுல கெடந்த பொரி ஒவ்வொண்ணா எந்திரிச்சு கைக்குள்ள போகுது.

தப்பு மேளச் சத்தமும் ரிவர்ஸ்லதான். நேரா அடிச்சா டண்…ன்னு விழுந்து அப்பறம் கரையும்ல? இதுல கரைச்சல்தான் மொதல்ல வருது. ஊஊஊ…ப்ட். ஊஊஊ…ப்ட். யாரோ மூச்ச உள்ள இழுத்து நிறுத்துற மாதிரி.

"என்னா கூத்து இது?"

"குடிக்காம இருந்திருந்தா அப்பா திரும்பி வந்திருப்பாருன்னு ஒரு பீலிங். ஒரே பட்டன், திருப்பிப் போட்டுட்டேன். எலகிரியா, சூப்பரா இருக்கு இல்ல?"

அவ அவன பாக்கல. கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருந்தா. ஊர்வலம் முச்சந்திக்கு வந்துச்சு. அங்க பெட்டிய எறக்கி சுத்துறாங்க… சுத்தி, மறுபடி தூக்குறாங்க. அத அவ பாத்ததே இல்ல. பொம்பளைங்கதான் லயத்தோட நின்னுருவமே.

"முச்சந்தியில எதுக்கு பெட்டிய சுத்துறாங்க?"

"தெரியாதா? மூணு சுத்து சுத்தி, தலமாடு கால்மாடு மாத்தித் தூக்குவாங்க. செத்தவனுக்கு வீட்டு வழி மறந்து போகணும்னு."

லோஜினி கம்ப்யூட்டர்ல சுத்துற பெட்டிய வெரலால காட்டுனா.

"அப்ப நீ… திருப்பிச் சுத்தி விட்டுருக்க."

"பைத்தியமா ஒனக்கு? வீடியோ இது!"

"எடுத்துரு அத. ஜனா, எடுத்துரு."

"முடியாது. நாளைக்கு இரத்தினபுரிக்கு அனுப்பணும். போடச் சொன்னது யாரு? நீதானே?"

அவ வயர புடுங்கப் போனா, அவன் கைய தட்டிவிட்டான். சார் உள்ள எட்டிப் பாத்தாரு. அவ பேக்க தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டா. பள்ளிக்கூடத்து கேட்டத் தாண்டுறப்ப, பின்னால அவன் மறுபடியும் பாட்ட மொதல்ல இருந்து போடுறது கேட்டுச்சாம். நல்லா சத்தமா, வேணும்னே.

இப்ப ரோட்டுக்கு வாங்க.

மூட்டத்துக்குள்ள… ஊஊஊ…ப்ட்.

பள்ளிக்கூடம் எங்கயோ கீழ கெடக்கு. கேக்க வழியே இல்ல. காதுக்குள்ள ஒட்டிக்கிச்சு போலன்னு நெனச்சு நடந்தா. முச்சந்தி வந்துச்சு. ஒரு பக்கம் மயானத்துக்கு எறங்குற பாதை, ஒரு பக்கம் லயத்துக்கு. அங்க ரோட்டுல பொரி எறஞ்சு கெடக்கு. வெள்ளையா, காஞ்ச பொரி. தோட்டத்துல சாவு விழுந்து மாசக்கணக்கா ஆச்சு. அன்னைக்கு காலையிலகூட மழை. நனையாத பொரி எப்பிடி?

அவ மிதிக்காம ஓரமா தாண்டுனா. நாலு எட்டு வச்சு திரும்பிப் பாத்தா… பொரி கொறஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு எட்டு. திரும்புனா… ஒண்ணுகூட இல்ல.

அப்பறம் அந்த நாத்தம். கசிப்பு நாத்தமும் ஈர மண்ணு நாத்தமும் சேந்து.

ரோட்டுச் சேத்துல அவ செருப்புத் தடம் இருக்கு. அதுக்குப் பின்னால இன்னொரு தடம். வெறுங்காலு. பெரிய காலு. வெரலெல்லாம் மயானத்தப் பாத்து இருக்கு. குதிகால் இவள பாத்து. அவ பாத்துக்கிட்டே நிக்கிறா… இன்னொரு தடம் விழுது. ஒரு எட்டு கிட்ட. அடுத்தது… இன்னும் கிட்ட. பின்னால பின்னால நடந்து வாறான்.

ஓடுனா. பேக்கு விழுந்துச்சு, எடுக்கல. செருப்பு அறுந்துச்சு, நிக்கல. ரோடு வளைஞ்சுதான் லயத்துக்குப் போகும், இவ தேயிலைக்குள்ள பூந்து குறுக்கால ஏறுனா. கையெல்லாம் கீறி ரத்தம். 'அம்மா தூங்கணும், அம்மா தூங்கணும்'னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு ஓடியிருக்கா பாவி மக.

வீட்டு முன்திண்ணை, இஸ்தோப்புல ஏறுனா, கதவு தொறந்து கெடக்கு.

தரையில சோத்துத் தட்டு கவுந்து கெடக்கு. சோறு செவுரு வரைக்கும் தெறிச்சிருக்கு. அம்மா குந்திக்கிட்டு, சோத்த ஒவ்வொண்ணா பொறுக்கிக்கிட்டு இருக்கு.

"அம்மா?"

"சத்தம் போடாதடி." அம்மா நிமிரவே இல்ல. "அப்பா இப்பதான் படுத்தாரு."

கட்டில்ல யாரும் இல்ல. ஆனா நடுவுல அமுங்கிப் போயிருக்கு. க்ரீச்… க்ரீச்… யாரோ பொரண்டு படுக்குறப்ப வருமே, அந்தச் சத்தம். அம்மா மெதுவா மொகத்த தூக்குச்சு. இடது கன்னத்துல அஞ்சு வெரலும் செவப்பா பதிஞ்சிருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல நாத்தம் போயிருச்சு, கட்டிலும் நிமிந்துருச்சு. அம்மா ஒண்ணும் நடக்காத மாதிரி எந்திரிச்சு தட்ட கழுவுச்சு. அன்னைக்கு ராத்திரி குசினித் தரையில பாய விரிச்சுச்சு. லோஜினி கட்டில்ல படுக்கச் சொல்லி கையப் புடிச்சு இழுத்தா, கெஞ்சுனா. கேக்கல.

மறுநாளே அவ ஜனார்த்தனன் வீட்டுக்கு ஓடிப்போயி சண்ட போட்டா. அவன் சிரிச்சுக்கிட்டேதான் வந்தான். வந்து ஜீவராணி மொகத்த பாத்தான். சிரிப்பு போயிருச்சு. அன்னைக்கே கேமரா, கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் பாட்ட அழிச்சான். சாவு வீடியோவ மட்டும் நேரா ஓடுற மாதிரி விட்டு வச்சான். அத அந்த வீட்டுலயே போட்டுக் காட்டுனான்… பெட்டி வாசல தாண்டிப் போகுது, முச்சந்தியில சுத்துது, குழிக்குள்ள எறங்குது. வீடு அமைதியாயிருச்சு. அம்மாவும் கட்டில்ல ஏறிப் படுத்துச்சு.

ஆனா ஒரு நாள்தான். சீடி ஏற்கனவே இரத்தினபுரிக்குப் போயாச்சு. ஜனார்த்தனன் பெருமைக்கு மொத நாளே நாலு பேரு போனுக்கு புளூடூத்துல வேற அனுப்பியிருந்தான். அவனுக அடுத்த லயத்துக்கு அனுப்பிட்டானுக. யாரோ போடுறான்… கடைசிச் சரணம் வருது… இங்க கசிப்பு நாத்தம் அடிக்குது. இவ ஓடிப்போயி நேரா ஓடுறத போடுவா, அப்பன் போவான். வேற எவனாவது பாட்ட போடுவான், வந்துருவான்.

காம்பரா காம்பராவா ஏறி எறங்கிக் கெஞ்சியிருக்கா, அழிச்சுருங்கன்னு. என்ன சொன்னாங்க தெரியுமா?

"நம்ம லயம் படத்துல வருதுடி. போடாம இருப்பமா? அப்பன் செத்தும் ஒனக்கு அவன் மேல கோவம் போகலயா?"

தூ! என்னா சனம்!

அந்தப் பாட்டுக்குத்தான் மொதப் பரிசு. பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு கம்ப்யூட்டரும் வந்துச்சு. லோஜினி மேடைக்குப் போகல. படிப்ப விட்டா. அம்மாவ கூட்டிக்கிட்டு, யாருக்கும் சொல்லாம மாவனல்லைக்குப் போயிட்டா. ஆமா ஸபியா, ஒங்க ஊருதான். ஒரு கடைக்குப் பின்னால வாடகை ரூம். தூரமா போயிட்டா வழி தெரியாம போயிரும்னு நெனச்சா போல. கொஞ்ச நாள் ஒண்ணும் இல்லயாம். அம்மாவுக்கு கிளினிக்ல கண்ணு பாத்து மூக்குக் கண்ணாடிகூட வாங்கிக் குடுத்தா.

தீவாளிக்கு பிரேமலதா அங்க போயிருந்தா. இது அவ கண்ணால பாத்தது. இத சொல்றப்ப அவ அழுதா.

பெரியம்மா, அதான் ஜீவராணி, வெங்காயம் உரிச்சுக்கிட்டு, எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சாம். பாதியில நிறுத்துச்சு. கத்திய எட்டத் தள்ளி வச்சுச்சு. மூக்குக் கண்ணாடிய கழட்டி… மடிச்சு… அலுமாரி மேல பத்திரமா வச்சுச்சு. லோஜினி ஓடி கதவ சாத்துனா.

"பிரேமா, நீ வெளிய நில்லு. எங்கயோ எவனோ பாட்ட போட்டுட்டான், முடியற வரைக்குந்தான்."

பிரேமலதா வெளிய போனா, ஆனா ஜன்னலால பாத்துட்டா. பெரியம்மா மூலையில போயி குந்துச்சு. ரெண்டு கையாலயும் தலைய மூடிக்கிச்சு. பயந்த மாதிரியே இல்லயாம். தெனமும் செய்யிற வேலைய செய்யிற மாதிரிதான் இருந்துச்சாம். லோஜினி மேல விழுந்து கட்டிப் புடிச்சுக்கிட்டு இருந்தா. அப்பிடியும் பெரியம்மா தலை மட்டும்… அங்கயும் இங்கயும்… ஆடுச்சாம்.

அப்பறம் நின்னுச்சு.

பெரியம்மா எந்திரிச்சுச்சு. மொகத்த தொடச்சுச்சு. அலுமாரி மேல இருந்த கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிச்சு. ஜன்னலுக்கு வெளிய நிக்கிற பிரேமலதாவ பாத்து, லேசா சிரிக்கக்கூட செஞ்சுச்சாம்.

ஒரு நிமிசம்கூட இல்ல…

மறுபடியும் கண்ணாடிய கழட்டுச்சாம்.