பரிந்துரைக்காதவனின் பிரியாவிடை

அவைக்குத் தலைமையேற்றிருக்கும், பதினெட்டு ஆண்டுகள் நம்மை ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தை உருவாக்கிய ஆசிரியை அவர்களே! அந்த ஆற்றுக்கு ஓசை தந்த அவருடைய அன்புத் தம்பி அவர்களே! திரையில் பழகி இன்று தரையில் முதன்முதலாகச் சந்திக்கும் தோழர்களே, தோழியரே! நரை கண்ட பின்னும் நாற்காலியை விட்டு எழாத மூத்த ஆட்டக்காரர்களே! "கண்ணு கெட்டுப் போயிடும், எழுந்திரு" என்று கண்டித்துக்கொண்டே சாப்பாட்டுத் தட்டைக் கணினிக்கு அருகில் வைத்துவிட்டுப் போன தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என்னை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'அக்கரை' என்னும் இந்த வீடியோ கேமின் பக்கத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படும் விமர்சனம் என்னுடையது. "பரிந்துரைக்கவில்லை" என்று தொடங்கும். அதன் தலைமாட்டில் கவிழ்ந்த கட்டைவிரல் ஒன்று நிற்கும். பின்வரிசையில் யாரோ கைதட்டுகிறார். நன்றி ஐயா, அது பாராட்டா, கேலியா என்பதைத் தேநீர் வேளையில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று மாலை ஐந்து மணிக்கு ஆட்டத்தின் சர்வர் நிறுத்தப்படுகிறது. அதோடு விமர்சனப் பக்கமும் பூட்டப்படுகிறது. பிறகு எவராலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. ஆட்டம் மறைந்த பின் அதன் பெயரைச் சொல்ல எஞ்சப்போவது அந்தப் பக்கம் ஒன்றுதான். ஆகவேதான் காலை முதல் வாசலிலும் படிக்கட்டிலும் என்னை மறித்து, விரலை நிமிர்த்தச் சொல்கிறீர்கள். "கடைசி நாள்லயாவது மனசு வைங்க சார்" என்றார் ஓர் இளைஞர். அவருக்கு நான் இந்த மேடையிலிருந்து பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு வயது முப்பத்திரண்டு. ஒற்றை அறை வாடகை வீடு, மடக்கு நாற்காலி, மின்விசிறியைவிட அதிகம் இரைகிற கணினி. வேலை முடிந்து வந்து சட்டை மாற்றுமுன் துடுப்பைப் பிடிப்பேன். ஆட்டம் எளிது: படகில் ஆட்களை ஏற்ற வேண்டும், மறுகரையில் இறக்க வேண்டும். ஆனால் அந்தப் பனிமூட்டம்! முகம் தெரியாத ஒருவர் எதிரே படகில் வருவார், விளக்கை இருமுறை அசைப்பார், நாமும் அசைப்போம். அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்பதற்காக எத்தனை மாலைகள்! எத்தனை மழைக்காலங்கள்! இங்கே அமர்ந்திருப்போரில் என் விளக்குக்கு விளக்கு அசைத்தவர் எத்தனை பேரோ!

மூவாயிரத்து இருநூறு மணி நேரம் ஆடியிருக்கிறேன். என் மனைவி கேட்டாள்: "பிடிக்காத வீட்டுக்கு யாராவது தினமும் போவாங்களா?" சிரிக்கிறீர்கள். நான் அன்று சிரிக்கவில்லை, பதில் தேடினேன்.

நான் எடையளவு ஆய்வாளன். கடை கடையாகச் சென்று தராசைச் சோதிப்பவன். தராசு ஐந்து கிராம் குறைத்துக் காட்டினால் 'தராசு குறைகிறது' என்றுதான் நான் எழுதலாம். 'கடைக்காரர் திருடர்' என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. இந்த விதியைப் பணியில் ஒருநாளும் மீறியதில்லை. விமர்சனத்தில் மீறினேன்.

ஆட்டம் வெளியான முதல் மாதத்தில் பதினேழு குறைகளை எண்ணிட்டு எழுதினேன். ஐந்தாவது குறை இது: 'படகோட்டி நடக்கும்போது ஒரே கால் திரும்பத் திரும்ப விழுவதுபோல் கேட்கிறது. ஓசை அமைத்தவரின் சோம்பேறித்தனம்.' பத்து நாளில் ஆசிரியை எழுதினார்: 'ஐந்தாவது குறையை எழுதியவர் ஒருமுறை நேரில் வர முடியுமா?'

சென்றேன். தையற்கடைக்கு மேலே ஓர் அறை. சத்தம் புகாதிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள். மைக்கின் மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது. என் வரியைப் படித்த நாளிலிருந்து ஓசை அமைத்த அவருடைய தம்பி அதைத் தொடவில்லையாம். வேறு வேலைக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாராம். மூலையில் ஊன்றுகோல்! வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு படியில் விழுந்து, ஒரு காலில் மாவுக்கட்டு. மணல் தட்டிலும் மரப்பலகையிலும் நல்ல காலை மட்டும் ஊன்றி ஊன்றி அத்தனை காலடிகளையும் பதிவு செய்திருக்கிறார். நான் சோம்பல் என்று எழுதியது அவருடைய வியர்வையை!

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "சோம்பேறின்னு எழுதுனீங்களே, அதுதான் சார் தப்பு. ஒத்தக் கால்னு எழுதுனது சரி. நாலாயிரம் பேரு அருமைன்னு எழுதியிருக்காங்க. ஒருத்தருக்கும் அது கேக்கல."

அங்கேயே, அவர்கள் கணினியிலேயே, அந்தச் சொல்லை நீக்கினேன். குறையை நீக்கவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று, இரண்டு மாதத்தில் இரண்டு கால்களையும் ஊன்றி அவர் புதிதாகப் பதிவு செய்தார். நான் ஐந்தாவது குறையைக் கோடிட்டு அடித்தேன். இப்படியே ஆண்டுக்கு ஒன்றாய், சில ஆண்டில் இரண்டாய், பதினாறு குறைகள் தீர்ந்தன.

பதினேழாவது? 'இந்த ஆட்டம் அவர்களுடைய சர்வரில் மட்டுமே ஓடுகிறது. அவர்கள் நிறுத்தினால் நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.' அன்று எல்லோரும் என்னைக் கிண்டல் செய்தீர்கள். ஆட்டம் பிறந்த ஆண்டிலேயே அதன் முடிவைப் பற்றிப் பேசுகிறானே என்றீர்கள். இன்று மணி நான்கேகால். யார் சரி, யார் தவறு என்று வழக்காட நான் வரவில்லை. என் கணக்கு தவறாகிப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்கித்தான் வந்திருக்கிறேன்.

நேற்று ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்து, விரலை நிமிர்த்திவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "வேண்டாங்க. அத எங்களால சரி பண்ண முடியல. அடுத்து ஆட்டம் செய்யுறவங்க அந்தப் பக்கத்துக்குத்தான் வருவாங்க. எங்களுக்காகப் பொய் எழுதாதீங்க."

நண்பர்களே! பாராட்டு இனிது; ஆனால் அது அடுத்தவருக்கு வழி காட்டுமா? வசை எளிது, ஆனால் அது ஒரு காலடியையாவது திருத்துமா? கூர்ந்து கேட்டு, குறையை மட்டும் குறித்து, மனிதரை விட்டுவைக்கிற எதிர்மறை விமர்சனம் இருக்கிறதே, அது பகையா? பதினெட்டு ஆண்டுகள் ஒன்றை விட்டு நகராமல் இருந்ததற்குப் பெயர் பகையா?

ஆகவே விரல் கவிழ்ந்தே இருக்கும். சற்றுமுன், இந்த மேடை ஏறுவதற்கு முன்பு, அதன் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தேன்: 'பதினேழாவது குறை மட்டும் தீர்ந்திருந்தால், நாளை மாலையும் நான் இந்த ஆற்றில் இருந்திருப்பேன்.'

இன்னும் நாற்பது நிமிடங்கள் இருக்கின்றன. என் உரையைக் குறைகளோடு பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் தம்பிக்கும் உங்களுக்கும் நன்றி. வாருங்கள், எல்லோரும் ஒருமுறை ஆற்றில் இறங்குவோம். வணக்கம்.