பென்கா டீச்சர் மேல ஒரு மொட்டைக் கடுதாசி

அந்த நாற்காலி வேணாம் சார், கால் ஆடும். இப்படி அடுப்புப் பக்கமா வந்து உக்காருங்க. ஹெட்மாஸ்டர் மானோலோவ் ஓடி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. உன்மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கு, மாவட்டக் கல்வி ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க ஆள் வந்திருக்காரு, பென்கா, கொஞ்சம் பணிவாப் பேசுன்னாரு. பணிவெல்லாம் எனக்கு வராது தோழரே... அடச்சே, பழக்கதோஷம். கம்யூனிஸ்ட் ஆட்சி போயி நாலு வருஷமாச்சு, வாயில இன்னும் தோழர்தான் வருது. சார்னே வச்சுக்குவோம்.

படிங்க, சத்தமாவே படிங்க. முதல் வரியிலேயே இந்த டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு போட்டிருக்கா? வாஸ்தவம்தான், தெரியாது. இதுக்கு எதுக்கு ஒரு விசாரணை? இருபத்திமூணு வருஷம் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவ நான். என்கிட்ட படிச்சவங்க மாஸ்கோ தெருவுல நின்னா, உள்ளூர்க்காரங்கன்னு நெனச்சு அவங்ககிட்ட வழி கேப்பாங்க. தொண்ணூறுல ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ரஷ்யன் இனிமே கட்டாயமில்ல, பல்கேரியா முழுக்க ரஷ்யன் டீச்சருங்க இங்கிலீஷுக்கு மாறிக்கலாம்னு. ஏதோ பஸ்ல ஜன்னலோர சீட்டுக்கு மாறிக்கற மாதிரி! ப்ளோவ்திவ்ல ஆறு மாசம் பயிற்சி, கடைசியில ஒரு ரோஸ் கலர் சான்றிதழ். இதோ சுவத்துல மாட்டியிருக்கேன் பாருங்க. ஓதம் அடிச்ச எடத்த மறைக்குது, அந்த உபயோகமாவது இருக்கு.

சிரிக்காதீங்க. நீங்க என்ன பாடம் படிச்சவரு? வேதியியலா! பிரமாதம். இங்கிலீஷ் தெரியாதவ ஒழுங்கா இங்கிலீஷ் நடத்துறாளான்னு பாக்க, இங்கிலீஷ் தெரியாத ஒருத்தர் வந்திருக்காரு. அட, கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க, பனித்சா. காலைல சுட்டது, சீஸ் தாராளமா வச்சிருக்கேன்.

அடுத்தது என்ன? பிள்ளைங்களவிட ரெண்டே பாடம்தான் முன்னாடி இருக்காங்கன்னா? ரெண்டெல்லாம் நல்ல வாரத்துல சார். போன மாசம் காய்ச்சல்ல பத்து நாள் படுத்தேன். திரும்பி வந்து பாத்தா, பிள்ளைங்க எனக்கு ஒரு பாடம் முன்னாடி நிக்கிறாங்க. பரவாயில்ல டீச்சர், மெதுவா வாங்கன்னு சொல்லி, அவங்கதான் கையப்புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.

ரிஜிஸ்டர்ல மார்க்கத் திருத்தினதா? ஆமா, இதோ, நானே காட்டறேன். கடைசி வகுப்புல நெவேனான்னு ஒரு பொண்ணு. சுரங்கத்துல வேல போனப்புறம் அவ அப்பா கூரை மேல டிஷ் வச்சு, தெரு முழுக்க வயர் இழுத்துக் கேபிள் ஓட்றாரு. பொண்ணு பூரா நேரமும் இங்கிலீஷ் பொம்மைப் படம் பாத்தே பேசக் கத்துக்கிட்டா. ஒருநாள் நான் போர்டுல ஒரு வாக்கியம் எழுதறேன், எந்திரிச்சு நின்னு, டீச்சர், அப்படி யாரும் பேசமாட்டாங்கன்னுட்டா. இருபத்தஞ்சு பேர் முன்னாடி! எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. ஒங்கூட்டுப் பெட்டியில வர்ற பூனகிட்ட நான் பாடம் கேக்கணுமாடின்னு கத்திட்டு, ஒரு ரெண்டு போட்டேன். நம்ம கணக்குல ரெண்டுன்னா பெயிலு, ஆறுதான் உச்சம். அப்புறம் வீட்டுக்குப் போயி, கதவச் சாத்திட்டு அகராதியப் பொரட்டினேன். பூன சொன்னதுதான் சரி. மறுநாள் ரெண்ட அடிச்சேன், ஆறு போட்டேன், பக்கத்துல கையெழுத்தும் போட்டேன். டீச்சர் தன் தப்ப ஒத்துக்கிட்டா அதுக்குப் பேரு மோசடியா சார்?

மத்தவங்க பேப்பர நெவேனா திருத்தறாங்கறதும் நிஜம்தான். புத்தகத்துல இருக்கறத எழுதினா நானே திருத்திடுவேன், விடை கடைசிப் பக்கத்துல இருக்கு. பிள்ளைங்க சொந்தமா கட்டுரை எழுதினா நான் எங்க போவேன்? மொத ரெண்டு வருஷம் எப்படி மார்க் போட்டேன் தெரியுமா? எனக்குப் புரிஞ்சா அஞ்சு, புரியலேன்னா ஆறு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? அப்போ ஒரு பெத்தவங்களும் புகார் சொல்லல, எல்லாருக்கும் சந்தோஷம். இப்ப அந்தப் பொண்ணு என் எதிர்ல உக்காந்து சிவப்புப் பேனாவால கிழிக்கிறா. ஈவு இரக்கமே கிடையாது. சொந்த அத்த பையனுக்கே ரெண்டு போட்டா. அத்த வந்து என்கிட்ட சண்டை. அவ பேப்பர மட்டும் நான் திருத்தறேன். திருத்தறேன்னா... படிக்கிறேன்.

எல்லாம் நிஜம்னா அப்புறம் எதுக்கு இவ்வளவு தெனாவெட்டா பேசறேன்னு கேக்கறீங்களா? கேளுங்க. ஜூன்ல அரசுத் தேர்வு. இந்த வருஷம் புதுசா கேட்டு எழுதற பகுதின்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. நாடா ஓடும், இங்கிலீஷ்காரன் பேசுவான், பசங்க கேட்டு எழுதணும். மூணுல ஒரு பங்கு மார்க் அதுக்கு. என் பசங்க மூணு வருஷமா வகுப்புல கேட்ட ஒரே இங்கிலீஷ் என்னோடது, அதுல மாஸ்கோ வாடை அடிக்குது. டேப்ரெக்கார்டர் கிடையாது. நெவேனா தப்பிச்சுக்குவா. மத்த இருபத்தஞ்சு பேரு? சுரங்கத்துக்குப் பூட்டுப் போட்டாச்சு. இந்தத் தேர்வுல தோத்தா பள்ளிக்கூடம் முடிச்ச சான்றும் கிடையாது. அப்புறம் இந்த மலைய விட்டு எறங்கி எங்க போய் என்ன வேல கேப்பாங்க? இன்னும் மூணு மாசம் இருக்கு சார். உருப்படியா ஒருத்தர் வந்தா மூணு மாசத்துல காது பழகிடும்.

யார் எழுதியிருப்பான்னு யோசிக்கிறீங்க, மொகத்துலயே தெரியுது. நெவேனாவா? சேச்சே, அவ எழுதினா பேரப் பெருசா போட்டு, அடியில கோடும் போடுவா. மானோலோவா? அவரு லீவு லெட்டரே மூணு தடவ எழுதிக் கிழிக்கற ஆளு. மூணாம் பக்கத்தத் திருப்புங்க. வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு நான் அகராதி பொரட்டினது அங்க இருக்கா? இருக்குல்ல?

நான் வீட்டுல தனியா இருக்கறவ சார்.

ம்... நான்தான் எழுதினேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? ரெண்டு வருஷத்துல ஒன்பது கடுதாசி போட்டேன் ஒங்க ஆபீசுக்கு. பேரு, கையெழுத்து, பள்ளிக்கூட முத்திரை, எல்லாம் வச்சு. மொறையா இங்கிலீஷ் படிச்ச ஒருத்தர அனுப்புங்க, நான் விலகிக்கறேன்னு கெஞ்சினேன். வந்தது ஒரே பதில். அடுப்புக் குழாயச் சுத்தமா வச்சுக்கணுமாம். போன் பண்ணினா, சான்றிதழ் உள்ள டீச்சர் இருக்காங்க, அங்க காலியிடமே இல்லம்மாங்கறாங்க. சரி, அந்த டீச்சர் லாயக்கில்லன்னு ஆயிட்டா எடம் காலிதானே? பத்தாவது கடுதாசியில பேரப் போடல. ஆறே நாள் சார்! காரு, டிரைவர், நீங்க, எல்லாம் வந்து நிக்கிறீங்க. இந்த நாட்டுல பேர் போட்ட கடுதாசிய யார் படிக்கிறா?

ஒங்க பையில வேலைநீக்கத் தாள் இருக்கும்ல, அத எடுங்க, சந்தோஷமா கையெழுத்துப் போடறேன். ஆனா அடியில, புது டீச்சர் எந்தத் தேதிக்குள்ள வருவாங்கன்னு ஒங்க கையால எழுதணும். என்னது, ஒங்களுக்கு அதிகாரம் இல்லியா? மேலிடத்துக்குத் தெரிவிச்சு, பரிசீலிச்சு, அடுத்த கல்வியாண்டுலயா?

சரி சார், நல்லது. பனித்சாவ முடிங்க, ஆறிடப்போகுது. பதினோராவது கடுதாசி நேரா மந்திரிக்கே போகும். அதுல என்னப் பத்தி எழுத இனிமே ஒண்ணும் பாக்கி இல்ல. ஒங்க முழுப் பேரு என்ன சொன்னீங்க?